நூறாவது கல்

நரினிலிருந்து பாலிக்சிக்கு
நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி.
பெயர் ஆடி. தள்ளுபடி எதுவும் தராது.
ஜெர்மனியில் யாரோ ஓட்டி, லிதுவேனியாவில் யாரோ விற்று,
அனார்குல் கைக்கு வரும்போதே மூன்று லட்சம்.
இன்று ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

நூறு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை லிட்டர்.
குடிகாரனைக் கட்டிக்கொண்டவள்கூட
இவ்வளவு கணக்கு எழுதியிருக்க மாட்டாள்.

முதலில் கூரைக் கம்பியைக் கழற்றினாள்.
காற்றுக்குக் கொடுத்துவந்த கூலி நின்றது.
இரண்டு குளிர்காலமாய்ப் பின்பெட்டியில் கிடந்த மணல் மூட்டை,
உடைந்த ஜாக்கி, யாரோ மறந்துபோன ஆட்டுத்தோல்
எல்லாம் இறங்கின.
டயருக்குக் காற்று.
வடிகட்டியைத் தட்டினாள்:
தோலோன் கணவாய்த் தூசி, ஒரு படி இருக்கும்.

பதினொன்று.
அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

ஒமுர்சாக் பானெட்டைத் திறக்கவில்லை.
ஓடி வந்து நின்ற வண்டியின் நாலு சக்கரத்தையும்
காய்ச்சல் பார்ப்பவன்போலத் தொட்டுக்கொண்டே வந்தான்.
பின்னால், இடது பக்கம், கையை உதறினான்.
பிரேக் பிடித்த பிடியை விடவே இல்லை.
எத்தனை மாதமோ,
மிதிக்காமலே மிதித்து ஓட்டியிருக்கிறாள்.
தெர்மோஸ்டாட் வேறு திறந்த வாயோடு செத்துக் கிடந்தது.
எஞ்சினுக்கு எந்நேரமும் குளிர்.
குளிரில் வயிறு கூடத்தான் கேட்கும்.

பத்து புள்ளி மூன்று.
போதும் என்று கை துடைத்தான் ஒமுர்சாக்.
அவளுக்குப் போதவில்லை.

ஆளே ஏறாத ஒரு செவ்வாய்க்கிழமை,
பாலிக்சியில் காத்திருப்பவர்களை ஏற்றிவரக் காலியாகப் போனாள்.
தூக்கம் வராமலிருக்கச் சாலையோரக் கற்களை எண்ணினாள்.
நூறாவது கல்லில் மீட்டர் பார்த்தாள்.
தொண்ணூற்று நாலு.

ஓரம் கட்டினாள்.

ஐந்து வருடத்துக்கு முன், மலிவு என்று
ஏதோ வேனுக்கான டயரை மாட்டியது
வேறு யாருமில்லை, இவளேதான்.
பெரிய டயர், ஒரு சுற்றுக்கு அதிக மண்.
மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், மண் தெரியாது.

பானெட்மேல் நோட்டை விரித்து வகுத்தாள்.
காகிதம் படபடத்தது; முழங்கையால் அழுத்தினாள்.
ஒன்பது புள்ளி ஏழு.
தின்னிமாடே, தின்னிமாடே என்று
வண்டியைத் திட்டிய ஐந்து வருடம்!

சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.
அப்படியானால்
ஆயில் மாற்றியதெல்லாம் தாமதம்.
வண்டிக்கு வயதும் சொன்னதைவிட அதிகம்.
அப்புறம்
கொச்கோர் வளைவில் சீட்டுக் கிழித்த அந்தப் போலீஸ்காரன்.
முள் சரியாக அறுபதில் நின்றது என்று
அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருந்தாள்.
அவன் கையிலிருந்த கருவிதான் சரி.

வெயில் சாய்கிறது. கொச்கோர் வருகிறது.
அதே தொப்பி, அதே புளிய முகம்.
முள்ளை ஐம்பத்தைந்துக்கு இறக்கி
ஹாரன் அடித்தாள், ஒரே தரம், சின்னதாய்.
அவன் என்னவென்று நிமிர்வதற்குள்
வளைவு முடிந்துவிட்டது.