இணைப்பின் உரிமையாளர்

கடிதம் கனமான தாளில் வந்தது.
நல்ல செய்திக்கு யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை என்று
உறையைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
கையில் இன்னும் ஹெரிங் மீனின் செதில்.

பிப்ரவரி ஒன்பது, இரவு பதினொன்று நாற்பத்தேழு,
பன்னிரண்டாவது வினாடி.
அந்த வினாடியில்
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தின் எட்டாம் கொட்டகையில்
நான் மீனைப் பிளந்துகொண்டிருந்தேன்.
அதே வினாடியில் என் வீடு
ஒரு பாடல் தொகுப்பை உலகத்துக்கு விநியோகித்ததாம்.
வீடு என்றால் ரூட்டர்.
ரூட்டர் என்றால் நான்.
இணைப்பின் உரிமையாளர், திருமதி வீப்கே ஹார்ம்ஸ்.
இருபது வருடம் வாடகையில் இருப்பவளை
உரிமையாளர் என்று அழைத்த முதல் கடிதம் இதுதான்.

வக்கீல் ஓஸ்டர்லோ விளக்கினார்:
எடுத்ததற்கல்ல இவ்வளவு தொகை,
கொடுத்ததற்கு.
ஒரு துண்டு இறங்கும்போதே
இறங்கிய துண்டு இன்னொருவருக்கு ஏறிவிடுகிறது.
அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள் அதை.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள்.
இங்கே இரண்டு கைக்கும் தெரியவில்லை.
ஹாம்புர்க்கில் ஒரு அலுவலகத்துக்கு மட்டும்
வினாடி சுத்தமாகத் தெரிந்திருக்கிறது.

தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு யூரோ.
கூடவே ஒரு உறுதிமொழித் தாள்.
ஒருபோதும் செய்யாத ஒன்றை
இனி ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று
எந்தப் பேனாவால் எழுதுவது?

எனக்கு மூன்று பிள்ளைகள்.
தீஸ், இங்கென், மால்டே.
ஒரே மேசை, ஒரே கடவுச்சொல்,
அது செத்துப்போன எங்கள் நாயின் பெயர்.
கேட்டேன்.
சூப் ஆறி ஆடை கட்டும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு ஒருவர் என் பின்னால் வந்து
தட்டுகளைத் துடைத்தபடி சொன்னார்.
ஒருவர் என்றே சொல்கிறேன்.
அவள் என்றால் அங்கேயே பெயர் வந்துவிடும்.
அவன் என்றால் பாதிப் பெயர்.

நீதிபதி கெட்டவர் அல்ல.
தொண்டை கட்டியிருந்தது, மிட்டாய் சப்பியபடி கேட்டார்.
யார் என்று தெரியுமா?
தெரியும்.
சொல்ல விருப்பமா?
இல்லை.
பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி
யாரும் உங்களை வற்புறுத்த முடியாது என்றார்.
ஆனால்
நீட்டாத விரலுக்கும் ஒரு விலை இருந்தது.

பிள்ளை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை.
கோட்டுக்குள் ஒரு கானாங்கெளுத்தியை ஒளித்தவனை
எங்கள் கொட்டகையில் அன்றே அனுப்பினார்கள்.
சரிதான் என்றவர்களில் நானும் ஒருத்தி.
மீன் போனால் பெட்டியில் ஒன்று குறையும்,
பாட்டு போனால் எது குறைகிறது என்று
மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டார்கள்.
குறைகிறது.
எங்கே என்று தொட்டுக் காட்ட எனக்குத் தெரியவில்லை.
அந்தப் பாடகியும்
விடியுமுன் பஸ் பிடிக்கிறவளாக இருக்கலாம்.
கடிதத்தில் வக்கீல் கூலி இருந்தது,
விசாரணைச் செலவு இருந்தது,
தபால் தலையின் விலைகூட இருந்தது.
அவள் பெயர் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

மாதம் நாற்பது யூரோ, மூன்றாம் தேதி.
வங்கிப் படிவத்தில் 'எதற்காக' என்ற கட்டத்தில்
வழக்கு எண்ணை எழுதுகிறேன்.
ஒரே ஒரு தடவை
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயரையும் எழுதிவிட்டு
கிழித்துப் பையில் போட்டு
வேறு படிவம் வாங்கினேன்.

நேற்று கடையில் உருளைக்கிழங்கு எடை போடும்போது
கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் அந்த டிரம்ஸ்.
சுவருக்கு அப்பாலிருந்து மாதக்கணக்கில்
இடி மட்டுமே கேட்டிருக்கிறேன்.
வார்த்தைகள் காதில் விழுந்தது நேற்றுத்தான்.
தள்ளுவண்டியைப் பிடித்தபடி
முடியும்வரை நின்றேன்.
அப்படியொன்றும் பிரமாதமான பாட்டில்லை.
நடுவில் ஓரிடத்தில் மட்டும்
பாடுகிறவள் மூச்சு வாங்குகிறாள்,
அதை யாரும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இன்னும் பதினேழு தவணை.