உப்புக்குறை

உருளைக்கிழங்கை நேற்றிரவே வெட்டி ஊறப்போட்டாயிற்று.
விடிய நாலரைக்கு அந்தத் தண்ணீரைக் கொட்டி
புதுத் தண்ணீரில் அவித்து
அதையும் வடித்துக் கொட்டவேண்டும்.
'கிழங்குக்குள்ள இருக்கிற கிழங்கக் கழுவி எறியிற வேல'
என்பாள் றிபாயா.
மிஞ்சியதைத்தான் சமைக்கிறோம்.

கல்லடி வாசிகசாலையின் பின்பக்கம்.
பேப்பர் பார்க்க ஆட்கள் வருமுன்
இரண்டு அடுப்பு,
சீட்டுக்காசில் வாங்கிய காஸ் சிலிண்டர்,
பதினொரு பெட்டி.
மூடியில் மார்க்கரால் பெயர்,
பெயருக்குக் கீழே விலக்கு.

பரஞ்சோதி: வாயெல்லாம் புண். மிளகு, தேசிக்காய், சூடு, ஒன்றும் ஆகாது.
ஸ்டெல்லா மிஸ்: மருந்து ஏற்றிய கிழமை மீன் மணமே கூடாது.
ஆதம்லெப்பை: கிட்னி. உப்பு இல்லை.
அதன் கீழே சிவப்பு மையில் றிபாயா:
கேட்டாலும் இல்லை.

எட்டரைக்குக் கச்சேரியில் கையெழுத்து வைக்கவேண்டியவள் நான்.
'காணிக் கோப்பெல்லாம் உள்ளி மணக்குதே' என்று
ஒருநாள் பெரியவர் கேட்டார்.
'ஓம் சேர்' என்றேன்.
வேறென்ன சொல்ல.

ருசி பார்ப்பது என் பொறுப்பு.
உப்பில்லாததை உப்பில்லாமலே ருசி பார்க்க
ஏழு மாதம் எடுத்தது.
முதலில் நாக்கு துழாவும்,
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடும் கைபோல.
மறுகா
கறிவேப்பிலை தெரியும்,
கருவப்பட்டை தெரியும்,
வதங்கிய சின்ன வெங்காயத்தில்
இத்தனை நாள் ஒளித்திருந்த இனிப்புத் தெரியும்.

டிலோஜனின் ஆட்டோ பாலத்தால் இறங்கி
பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும்.
மூன்றாம் மாடி. ஜன்னலோரக் கட்டில்.
காத்தான்குடியில் நாற்பது வருசம்
கருவாடு விற்ற மனிசன் ஆதம்லெப்பை.
மூடியைத் திறந்ததும் தொடங்குவார்:
'என்னகா இது? சோறா, சுண்ணாம்பா?
இந்தக் கறிய என்ட கடையில வெச்சா
ஒருக்காச் செத்த கருவாடு
இன்னொருக்காச் சாகும்!'

பக்கத்துக் கட்டில் சிரிக்கும். தாதி சிரிப்பாள்.
நான் சிரிக்கமாட்டேன், சிரித்தால் இன்னும் ஏசுவார்.
ஏசி ஏசியே பெட்டியை வழித்துவிடுவார்.

திரும்பி வந்தால் றிபாயா முதலில் கேட்பது
பெட்டியை அல்ல:
'ஏசினாரா?'
'ஏசினார்.'
'அல்ஹம்துலில்லாஹ்' என்று
அடுத்த வெங்காயத்தை எடுப்பாள்.

கச்சான் காற்று ஜன்னல் சீலையை உதறிய ஒரு வெள்ளி.
ஒரு கரண்டி வாயில் வைத்தார்.
மெல்லவில்லை. வைத்திருந்தார்.
என்னைப் பார்த்து,
விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு,
'நல்லாரிக்கி புள்ள' என்றார்.

படிகளில் இறங்கும்போது எனக்கு
மாடிக் கணக்குத் தப்பிற்று.

'ஏசினாரா?'
'நல்லாயிருக்காம்.'
றிபாயா கத்தியைக் கீழே வைத்தாள்.
டிலோஜன் பெட்டியைத் திறந்து பார்த்தான்,
மூடினான்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
ஒருவரும் எழும்பவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கும்
பதினொரு பேருக்கே கிழங்கு வெட்டியிருக்கிறேன்.
வெட்டி முடித்தபிறகுதான் தெரிந்தது.
சரி என்று அதையும் ஊறப்போட்டேன்.

மண்ணெண்ணெய் தேய்த்துப் பார்த்தோம்.
'ஆதம்' போனது.
'லெப்பை' போகவில்லை.
புது மூடி வாங்கலாம் என்றான் டிலோஜன்.
மூடி மட்டும் தனியாக விற்கமாட்டார்கள் என்றாள் றிபாயா.
அது உண்மையா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை, அந்த எழுத்தின் மேலேயே
இன்னொரு பெயர் ஏறியது:
ஜெயரூபி. வாகரை. உப்பு இல்லை.
இருபத்தாறு வயது.
சிவப்பு மை தீர்ந்திருந்ததால்
மற்றதை எழுதவில்லை.

பெட்டியைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்தாள்.
முகம் சுருங்கியது.
'உப்பு...?' என்றாள், தாழ்ந்த குரலில்,
தானே மறந்துவிட்டு வந்ததைப்போல.
'இல்லை' என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் அரைவாசி சாப்பிட்டாள்.

ஏச இன்னும் பழகவில்லை.
இரண்டு கிழமை போகட்டும்.