பூஜ்யம் மணி நேரம்

வடக்கு டகோட்டா. அக்டோபர். காலை ஏழு ஐம்பது.
வானிலை வகுப்பில் மூன்று வாரமாகப்
பறப்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.
வெப்பநிலை நான்கு, பனிநிலை மூன்று;
இரண்டும் ஒட்டிக்கொண்டால் மூடுபனி.
இதை மாற்றி எழுதித்தான்
முதல் தேர்வில் கோட்டைவிட்டேன்.

பக்கத்து இருக்கை ஓஸ்கர் லிண்ட்வால்
பதினாறு வயதிலேயே சிமுலேட்டரில்
அட்லாண்டிக்கைத் தாண்டியவனாம்.
நான் டிராக்டர் தவிர எதையும் ஓட்டியதில்லை.

சனிக்கிழமை என் முறை.
இறக்கைக்கடியில் குனிந்து எரிபொருள் வடித்தேன்.
சின்னக் குவளையில் நீலம். தண்ணீர் இல்லை.
பயிற்றுநர் மாரிட், என்னைவிட இரண்டே வயது மூத்தவள்,
கொட்டாவியோடு கையுறை தேடினாள்.
"ஏறலாமா?"

ஓடுபாதை விளக்குகளை எண்ணினேன்.
பதினொன்று.
மறுபடி எண்ணினேன். ஒன்பது.
படம் கேட்டு அப்பாவிடமிருந்து
இதுவரை நான்கு குறுஞ்செய்தி.

"வேண்டாம்" என்றேன்.

மாரிட் பயிற்சி ஏட்டைத் திறந்தாள்.
பறந்த நேரம்: பூஜ்யம்.
குறிப்புக் கட்டத்தில் ஏதோ கிறுக்கினாள்;
கையுறை போட்ட எழுத்து, புரியவில்லை.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து
இறக்கைகளைக் கயிற்றால் கட்டினோம்.
பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தால்
விமானத்தைக் காணோம்.