ஒரு விரல் போகவேண்டும்

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்,
விடைபெறத் தெரியாத விருந்தாளி மாதிரி.

வலது முன் டயரின் விலாவில் ஒரு புடைப்பு,
பூவரசங்காய் அளவு.
நத்தர்ஷா குனிந்து தடவிப் பார்த்தார்.
"இதுலயா தஞ்சாவூர் போய்ட்டு வர்றீங்க?"
வாரத்துக்கு ரெண்டு தடவை என்றேன்.
எதற்கென்று சொல்லவில்லை.
பின்சீட்டில் பகலவன்
இடது கையைத் தலையணைமேல் கிடத்திக்கொண்டு
ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அலாய் வீல் அவன் போட்டது. முதல் போனஸில்.
கம்பெனி கொடுத்த பதினாலைக் கழற்றிவிட்டுப் பதினைந்து,
அதன்மேல் 195/50.
ரப்பர், வேட்டிக் கரை அளவுக்குத் தெரிந்தால் போதுமாம்.
"தரையோட ஒட்டி நிக்கணும்க்கா."
நின்றது.
குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாத பள்ளம்,
கோரையாற்றுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பு,
வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி,
எல்லாம் அவன் கைக்கு வந்து சேர்ந்தன.
ரத்தம் எடுக்கிற கை.

பழைய டயரின்மேல் சாக்பீஸால் எழுதினார்:
195/55
185/60
185/65
195/65
முதல் எண் அகலம். சரி.
அடுத்தது உயரம் என்றுதான் நினைத்தேன். இல்லை,
அகலத்தில் நூற்றுக்கு இவ்வளவு.
அகலத்தைக் கூட்டினால் உயரமும் கூடவே வளர்கிறது,
கேட்காமலே.
மூணாறு தலைப்பில் தண்ணீருக்குக்கூட மூன்று வழிதான்,
எனக்கு நாலு.

"பழைய உயரத்துக்கு மூணு பர்சன்ட் முன்னபின்ன இருக்கலாம்."
நான் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிற கை இது.
பதினேழரைக்குக் கெஞ்சிய ஒரு முகம்
அந்த நேரம் பார்த்து வந்து நின்றது.
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

கம்பெனி டயருக்கு அறுநூற்று இருபது மில்லிமீட்டர் உயரம்.
இப்போது ஓடுவதற்கு ஐநூற்று எழுபத்தாறு.
நூற்றுக்கு ஏழு குறைகிறது.
"அப்ப மீட்டர்?"
"கூடக் காட்டிருக்கும்மா. நூறுன்னா தொண்ணூத்திமூணுதான் போயிருப்பீங்க."

அலாய் போட்ட பிறகு எழுபதாயிரம் ஓடியிருந்தது.
அதில் ஏறத்தாழ ஐயாயிரம்
நாங்கள் போகவே இல்லை.
நல்ல மைலேஜ் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம்
அந்த ஐயாயிரத்தில் அடக்கம்.

பின்சீட்டிலிருந்து சிரிப்பு.
"இதோட இருநூறு டயாலிசிஸ் ஆச்சு.
நூத்துக்கு ஏழுன்னா பதினாலைக் கழிச்சுக்கக்கா."
நத்தர்ஷா சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார்.
வெளியே எடுத்தார்.
மறுபடி போட்டார்.

195/65தான் மெத்தென்று இருக்கும், எனக்கு அதுதான் வேண்டும்.
மாட்டிப் பார்த்தார்.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும்
உள்மூலையில் சர்ரென்று உரசியது.
"ஒரு விரல் போகணும். போகல பாருங்க."
185/65ஐ மாட்டினார்.
பகலவன் இறங்கி வந்து உட்கார்ந்தான்.
டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில்
வலது கைச் சுண்டுவிரலை விட்டான்.
பிறகு ஆள்காட்டி விரல்.
பிறகு, வேண்டுமென்றே, கட்டைவிரல்.

பின்னால் ரெண்டும் பழசே கிடக்கட்டுமா என்றேன்.
"மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும்மா வண்டி."
நாலுக்கும் சீட்டுப் பணம் போயிற்று.
அவன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான்,
முடிவெட்டிவிட்டு வந்த தம்பியைப் பார்க்கும் அண்ணன் மாதிரி.
ஒன்றும் சொல்லவில்லை.

கேட் திறந்தது.
எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன்.
தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது
எப்போதும் அவன் மூச்சைப் பிடித்துக் கையைத் தூக்கிக்கொள்வான்.
கண்ணாடியில் பார்த்தேன்.
தலையணைமேல் கிடந்தது.

"மினிபஸ் மாதிரி இருக்கு" என்றான்.

மீட்டரைப் பார்த்தேன், நாற்பது.
நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தோம்.