ஆறாம் மாடியில் ஒரு வீக்கம்

"தம்பி, நிலம் வீங்குது" என்றா ஜெசிந்தா அக்கா போனில்,
பல்வலிக்காரர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு
பேசுகிற குரலில்.

வெள்ளவத்தை. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் தொடர்மாடி.
வேலை நடக்கிறது என்று லிப்டில்
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தது.
ஒரு மொழியிலும் நடக்கவில்லை.
பசை வாளி, உருளை, கத்தி,
பாமசியில் வாங்கின ஊசி ஒன்று.
யாருக்கு என்று கேட்ட பெட்டைக்கு
நிலத்துக்கு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விறாந்தையின் நடுவில் இருந்தது அது.
கல்லில் போட்ட ரொட்டி
எழும்பி மூச்சுவிடுகிற அளவு.
மிதித்தால் நழுவி சோபாவுக்குக் கீழே போனது,
காலை எடுத்தால் திரும்பி வந்தது.
பல்கனிக் கதவடியில் ஓரம் தனியாக
உறுமுகிற நாயின் உதடுபோல் தூக்கியிருந்தது.

பகலில் பெரிசு, இரவில் சின்னன் என்றா அக்கா.
"உப்புக் காத்து. நாம என்ன செய்ற" என்றான் இர்பாஸ்.
நானும் தலையாட்டினேன்.
கடல் ஆறு மாடி ஏறி வந்து மறுக்காது.

ஆனால் எனக்குத் தெரியும்.
சிமெந்து பூசிப் பதினோராம் நாள்.
பொலித்தீனைச் சதுரமாக வெட்டி
நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடவேண்டும்.
விடிய உட்புறம் வியர்த்திருந்தால்
நிலம் குடித்த தண்ணீரை இன்னும் விடவில்லை.
நான் ஒட்டினேன்.
ஒரு பிளேன்டீ குடித்து முடியும் வரைக்கும்.
ஒரு பிளேன்டீ நேரத்தில் எந்த நிலமும்
காய்ந்த நிலம்தான்.
முதலாம் திகதி அவர்கள் குடிவர வேண்டும்,
இரண்டாம் திகதி நான் வானுக்கு லீசிங் கட்டவேண்டும்.

ஓரத்தில் தொடங்கினேன்.
வடிவாக இருக்கட்டும் என்று
சுவரோடு முட்ட முட்ட வெட்டி வைத்தவன் நான்.
பின்னேர வெயிலுக்கு அது நீளும்,
நீள இடமில்லாவிட்டால் மேலே போகும்.
பீடிங்கைக் கழற்றிக் கால் அங்குலம் சீவினேன்.
படுத்துவிட்டது.

மற்றது அப்படி லேசில் படுக்கவில்லை.
மர ரேகை அச்சடித்த கோடு வழியே கத்தியை இழுத்தேன்,
தழும்பு தெரியாது.
அமத்த ஒரு காற்று வந்தது,
பூட்டிக்கிடந்த குளியலறை மணத்தோடு.
இர்பாஸ் ஊசியை நீட்டினான்.
"இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.
வெட்டைத் திறந்து விரித்து
பொலித்தீன் ஒட்டினேன், நாலு பக்கமும்.
விடிய வந்து பார்க்கிறேன் என்றேன்.

"ஏன் தம்பி இதை அப்பவே செய்யேல்ல?"

கீழே கரையோர ரயில் போனது.
அது போய் முடியட்டும் என்று நின்றேன்.
அன்றைக்கென்று சின்ன ரயில்.
"செய்தனான் அக்கா" என்றேன்,
"காணாமல் செய்தனான்."
இர்பாஸ் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே துடைத்த உருளையை.

விடிய பொலித்தீனில் ஒரு துளியும் இல்லை.
நாலு மாதத்தில் நிலம் தன் வேலையைத் தானே முடித்திருந்தது.
ஊசியால் பசை ஏற்றி, உருட்டி,
வழிந்ததை ஈரத்துணியால் எடுத்து
பாரமாக ஏதாவது வேண்டும் என்றேன்.
காஸ் சிலிண்டர் வந்தது, வெறும் சிலிண்டர்.
ஏஎல் படிக்கிற மகன் வந்து கொஞ்சநேரம் இருந்தான்,
கணக்கு வராமல் எழும்பிப் போனான்.
கடைசியில் இருபத்தைந்து கிலோ கீரிச் சம்பா,
நடு வீக்கத்தில், பிள்ளையாரைப்போல.

காசைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

இரவு ஏழு மணிக்குப் போன்.
"தம்பி, மூட்டையைத் தூக்கலாமோ? சோறு வைக்க வேணும்."
"நாளைக்குப் பத்து மணி மட்டும் பொறுங்கோ அக்கா."
கொஞ்சநேரம் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு, வாயை போனிலிருந்து திருப்பி
உள்ளே பார்த்துச் சொன்னா:
"டேய், கீழ போய்
ரெண்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வா."