ஆர்டர் நோட்டு, டிசம்பர்

மார்கழியில் எனக்கு ஒரு வாரம்தான் வியாபாரம்.
ராமேஸ்வரத்துக் கோயில் சொந்த செட் வாங்கிவிட்டது.
மிச்சமிருப்பது ரெண்டு ஹார்ன், ஒரு ஆம்ப்ளிஃபையர்,
உப்புக்காற்றில் துருவேறி இருமும் ஜெனரேட்டர்.

இருபத்திரண்டு ராத்திரி, பாம்பன்.
அறுபத்து நாலில் ரயிலோடு போனவர்களுக்கு.
பேச வருகிறவர்களில்
அந்த ரயிலைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.
ஒருவர் நூற்றுப் பத்து என்பார், அடுத்தவர் இருநூறு.
மைக் கைமாறக் கைமாற
செத்தவர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

இருபத்து நாலு, தங்கச்சிமடம்.
பிறந்தநாளும் வருஷ நினைவுதானே.
ஃபாதர் பேரம் பேசுவார்.
சீரியல் பல்புக்குத் தனி.

இருபத்தாறு காலை, கடற்கரை.
அந்த ஞாயிற்றுக்கிழமை அலை
எங்கள் தெருவுக்குள் ஏறவில்லை.
இலங்கை குறுக்கே படுத்து வாங்கிக்கொண்டது.
ஆனால் இங்கிருந்து ஒரு வேன்
வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது.
பதினாலு மெழுகுவத்தி. காற்றுக்கு நிற்காது,
இருந்தாலும் ஏற்றுவார்கள்.

மௌன அஞ்சலி ரெண்டு நிமிஷம்.
அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.
நான் செட்டை அணைப்பதில்லை.
ஹார்னில் ஒரு இரைச்சல் வரும்,
வயரின் உறுமலா கடலா
பிரித்துச் சொல்ல இன்னும் வரவில்லை எனக்கு.

போன வருஷம் எமரன்சியா வந்தாள்.
"ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே?"
எந்த நாளைக்கு என்றேன்.
சூசைமிக்கேல் படகு இறங்கியது பத்தொன்பது.
ஐஸ் பத்தாது என்று
போனில் கத்தியது இருபது.
தேடுவதை நிறுத்தியது இருபத்தெட்டு.
நடுவில் கிடக்கிற எட்டு நாளில்
"எதைண்ணே போடுறது?"

நகைக்கடைக் காலண்டரை
ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்துப் போனவள்
இருபத்திரண்டில் நிறுத்தினாள்.
அது புக் ஆயிருச்சும்மா.
"தெரியும். பாம்பன்ல பேரு வாசிக்கையில
இவுக பேரையும் ஒருதரம் சேத்து வாசிச்சிருங்க.
ஒண்ணு கூடினா யாரு எண்ணப் போறா?"
முடிச்சவிழ்த்து நூறு ரூபாயை வைத்தாள்.
திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை.

இந்த வருஷம்
பட்டியலை டைப் அடிக்கக் கொடுத்ததே நான்தான்.
வாசித்தவர் தடுக்காமல் வாசித்தார்.
யாரும் எண்ணவில்லை.
கூட்டம் கலைந்தபிறகு ஒரு பெரியவர் மட்டும்
கிட்டே வந்து, அந்தச் சூசைமிக்கேல்
எந்தப் பெட்டியில் இருந்தார் தம்பி என்றார்.

கடைசிப் பெட்டி என்றேன்.
சொல்லிவிட்டு
வயர் சுற்றப் போய்விட்டேன்.