மேளத்தை நக்காதே

புந்தா அரேனாஸில் புதன்கிழமை வந்தால்
காற்றுக்கு என்னிடம் ஏதோ பழைய பாக்கி.
நூலகக் கதவை அது ஒரு பக்கம் இழுக்க,
நான் ஒரு பக்கம் இழுக்க,
இடுக்கு வழியே பிள்ளைகள் உள்ளே வந்து விழுவார்கள்,
மூக்கு ஒழுக, தொப்பி கோணலாக,
ஒருத்தன் எப்போதும் ஒற்றைக் கையுறையோடு.

பத்து மணி. பச்சைக் கம்பளம்.
என் கிதாரில் ஐந்து தந்திகள்.
ஆறாவதை ஆகஸ்டில் ஒருவன் இழுத்துப் பார்த்தான்,
எவ்வளவு தூரம் வரும் என்று.
தயிர் டப்பாவில் அரிசி,
மாத்திரைப் புட்டியில் பருப்பு,
பிஸ்கட் டின் கவிழ்ந்தால் மேளம்.
இவ்வளவுதான் எங்கள் கச்சேரி.

முதல் மாதம் என் சுருதியில் பாடினேன்.
ஒரு குரலும் கூட வரவில்லை.
பெரியவர்கள் அடித்தொண்டையில் பாடினால்
பிள்ளைகளுக்கு அது துறைமுகத்துக் கப்பல் சங்கு;
நின்று கேட்பார்கள், அவ்வளவுதான்.
அவர்கள் நிற்கும் படிக்கு நான் ஏறிப் போனேன்,
குரல் கீச்சிட்டால் கீச்சிடட்டும் என்று.
வேகத்தையும் பாதியாக்கினேன்.
மூன்று வயது நாக்கு
ஒரு சொல்லுக்குள் நுழைந்து, ஷூ மாட்டி,
வெளியே வர நேரம் பிடிக்கும்.

நிறுத்தக் கற்றதுதான் கடைசியில்.

பென்குயின் பென்குயின், செருப்பெங்கே?
ஒன்றைக் கண்டேன் பனிமேலே,
இன்னொன்று, இன்னொன்று...

இங்கே நின்றுவிடுவேன்,
புருவத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு.
அறை மொத்தமும் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும்.
அப்புறம் பதினான்கு வாய்கள்:
திமிங்கிலத்தின் வாயிலே!
லவுத்தாரோ மட்டும் 'என் வாயிலே' என்பான்.
இரண்டு வாரம் திருத்திப் பார்த்தேன்.
இப்போது அதுவும் ஒரு சரணம்.

பதினைந்தாவது வாய் மாயித்தேனுடையது.
மார்ச்சில் மூடியது, நவம்பரிலும் திறக்கவில்லை.
ஹீட்டருக்குப் பக்கத்தில், மேல்கோட்டைக் கழற்றாமல்,
தயிர் டப்பாவை இரு கையாலும் பிடித்திருப்பாள்,
அரிசியில் ஒரு மணி அசையாது.
பார்வை மட்டும் என் வாயில்,
மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவளைப் போல.
அவளுக்கு மணி கொடுத்துப் பார்த்தேன்.
பாட்டில் அவள் பெயரைச் சேர்த்தேன்;
காது வரை சிவந்தாள், எடுத்துவிட்டேன்.
சில ராத்திரிகளில்
கோளாறு என் பாட்டில்தானோ என்று
மெட்டைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்ததுண்டு.

ஒரு புதன், அவளை அழைத்துப் போக அப்பா வந்தார்.
இவோ. நண்டுப் படகுக்காரர்,
ஸ்வெட்டரெல்லாம் டீசல் வாசம்.
"யாஸ்னா நீங்கள்தானா?
உங்களால் என் வீட்டில் நிம்மதியே இல்லை."
மன்னிப்பை நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"குளிக்கும்போது பாடுகிறாள். முழுசாக. ஏழு தடவை.
பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிறாள்.
வாத்து, சோப்பு, என் பல் துலக்கும் பிரஷ்
எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டுமாம்.
நடுவில் நிறுத்தி, புருவத்தைத் தூக்குவாள்.
நான் சரியான இடத்தில் சேராவிட்டால்
திரும்ப முதலிலிருந்து.
திடீரென்று சோப்பைப் பார்த்து ஓர் அதட்டல்:
டான்கோ, மேளத்தை நக்காதே!
யார் அந்த டான்கோ?"

கைகாட்டினேன்.
நக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த புதன் நான் எதுவும் கேட்கவில்லை.
அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.
காற்று ஜன்னலை உலுக்கியது,
பென்குயின் செருப்பைத் தொலைத்தது,
பதினான்கு வாய்கள் திமிங்கிலத்தைக் காட்டிக்கொடுத்தன.
மூன்றாம் சுற்றில், தகரத்தில் ஈரமான சத்தம்.
"டான்கோ," என்றேன்,
மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றேன்.

ஹீட்டர் ஓரத்தில்,
ஒலியே இல்லாமல்,
இரண்டு சின்ன உதடுகள்
என் மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தன.